கேட்ச்போல்: கோழியைத் துரத்தியவரின் பெயர்

ஆங்கிலேயர்களின் குடும்பப் பெயர்களில் தொழிற்பெயர்கள் நிறைய உண்டு. ஸ்மித் என்றால் கொல்லர், டெய்லர் என்றால் தையல்காரர், பேக்கர் என்றால் ரொட்டி சுடுபவர். இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் ஃபிளெட்சர் அம்பு செய்பவர், சாண்ட்லர் மெழுகுவத்தி செய்பவர், வாக்கர் நெய்த கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு மிதித்துப் பதப்படுத்துபவர் என்று தெரியவரும். எல்லாமே ஊருக்கு வேண்டிய வேலைகள். யாரும் வெட்கப்படாமல் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகக்கூடிய பெயர்கள்.

கேட்ச்போல் அப்படிப்பட்ட பெயர் இல்லை. வரி பாக்கிக்கும் கடன் பாக்கிக்கும் வாசலில் வந்து நின்ற ஊழியரை ஒரு காலத்தில் இங்கிலாந்தில் அப்படித்தான் அழைத்தார்கள். நம் ஊரில் கோர்ட் அமீனா ஜப்திக்கு வந்தால் தெருவே எட்டிப் பார்க்குமே, ஏறக்குறைய அந்த வேலை. ஊரில் ஒருவருக்கும் பிடிக்காத அந்த வேலை ஒரு குடும்பத்தின் பெயராகி, பல நூற்றாண்டுகள் தாண்டி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

இந்தப் பெயர் எனக்கு அறிமுகமானது ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட பெண் கைதிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது. மார்கரெட் கேட்ச்போல் என்ற வேலைக்காரப் பெண்ணின் கதை அது. அவரைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது, பின்னால் வருகிறேன். படித்து முடித்த பிறகும் பெயர் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. இப்படியொரு பெயரை ஏன் வைத்துக்கொண்டார்கள்? மாற்றிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லையா? அப்படி ஆரம்பித்த தேடல்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 1066-இல் பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற நார்மன்களின் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. முன்பாதிக்குத் துரத்துவது, பிடிப்பது என்று பொருள். அந்த வினைச்சொல் வடக்கு பிரான்சில் ஒரு விதமாகவும் நடு பிரான்சில் வேறு விதமாகவும் ஒலித்தது. வடக்கத்திய ஒலிதான் ஆங்கிலத்தில் 'கேட்ச்' ஆனது. நடுப்பகுதி ஒலி 'சேஸ்' ஆனது. இன்றைக்கு இரண்டு தனிச் சொற்களாகப் புழங்குகிற பிடிப்பதும் துரத்துவதும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். பின்பாதியான 'போல்', கோழியையும் கோழிக்குஞ்சையும் குறித்த 'புல்லுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பவுல்ட்ரி என்கிறோமே, அதற்கும் அதுதான் வேர். ஆக, கேட்ச்போல் என்றால் கோழியைத் துரத்திப் பிடிப்பவர்.

வரி வசூலிப்பவருக்குக் கோழியோடு என்ன உறவு என்று கேட்கலாம். அந்தக் கால இங்கிலாந்தில் குடியானவர்கள் நிலப்பிரபுவுக்குச் செலுத்திய குத்தகையில் பணம் ஒரு பகுதிதான். கிறிஸ்துமஸ் சமயத்தில் கோழி, ஈஸ்டர் சமயத்தில் முட்டை என்று பண்ணையின் கணக்கேடுகளில் தனியாகவே எழுதி வைத்திருப்பார்கள். காட்டில் விறகு பொறுக்கிக்கொள்ள அனுமதி வேண்டுமென்றால் அதற்கும் ஒரு கோழி கொடுக்க வேண்டும். பணமாகக் கொடுக்க முடியாதவர் வீட்டில் வசூலுக்கு வந்தவர் கையில் எது அகப்படும்? மாட்டைப் பிடித்துக்கொண்டு போனால் உழவு நின்றுவிடும், அடுத்த வருடக் குத்தகையும் வராது. முற்றத்தில் மேய்கிற கோழிதான் அகப்படும். கொக்கரித்துக்கொண்டு ஓடும் கோழியைத் துரத்துகிற ஒரு ஆளைப் பார்த்துத்தான் ஊர்க்காரர்கள் இந்தப் பெயரை வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதிகாரிகள் உட்கார்ந்து யோசித்து வைத்த பதவிப் பெயர் மாதிரி இது தெரியவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் கூப்பிட்ட பட்டப்பெயர் மெல்ல மெல்ல அரசாங்கத் தாளிலும் ஏறியிருக்கிறது.

இதற்கு வேறு விளக்கங்களும் உலவுகின்றன. ஆங்கிலத்தில் தலைக்கும் 'போல்' என்ற சொல் உண்டு, தலைவரியின் ஆங்கிலப் பெயரில் இருப்பது அதுதான். அதனால் தலையைப் பிடிப்பவர் என்று சிலர் பொருள் சொல்வார்கள். இன்னும் சிலர் கழி என்று எடுத்துக்கொள்வார்கள், தெருநாய் பிடிக்கிற சுருக்குக் கழியை இன்றும் இதே பெயரில் அழைக்கிறார்களே என்பார்கள். இரண்டுமே பின்னால் ஒலியை வைத்துக் கட்டியவை. ஸ்காட்லாந்தின் பழைய ஆவணங்களில் 'கேச்ப்யூல்' என்று ஒரு சொல் வரும். அதைப் பார்த்தும் ஏமாந்துவிடக் கூடாது. அது டச்சு மொழியிலிருந்து வந்த டென்னிஸ் ஆட்டத்தின் பெயர். ஃபால்க்லாந்து அரண்மனையில் ஐந்தாம் ஜேம்ஸ் மன்னருக்காக 1539-இல் கட்டிய டென்னிஸ் களம் இன்னும் இருக்கிறது, அந்தச் சொல் அங்கே சேர்ந்தது.

இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னர் நாட்டின் நிலபுலன்களை எல்லாம் கணக்கெடுத்து 1086-இல் எழுதி வைத்தது டோம்ஸ்டே ஏடு. அதில் மிடில்செக்ஸ் பகுதியில் நிலம் வைத்திருந்தவர்களில் ஆலூரிக் என்பவரின் பெயரோடு இந்த அடைமொழி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆலூரிக் என்பது நார்மன்கள் வருவதற்கு முந்தைய பழைய ஆங்கிலப் பெயர். அடைமொழியோ பிரெஞ்சு. வெற்றி கண்டு 20 ஆண்டுதான் ஆகியிருக்கிறது, அதற்குள் உள்ளூர்க்காரர் ஒருவர் புதிய எஜமானர்களின் மொழியில் பட்டம் வாங்கிவிட்டார். யாருக்காக வசூலித்தார், யாரிடம் வசூலித்தார் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை.

ஆனால் அது குடும்பப் பெயர் இல்லை. ஆலூரிக் என்ற தனி ஆளுக்கு உரிய அடையாளம், அவ்வளவுதான். அவர் மகன் தச்சர் ஆகியிருந்தால் தச்சர் என்றே எழுதியிருப்பார்கள். பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டு ஆவணங்களில் இந்தச் சொல்லுக்கு முன்னால் 'லெ' என்ற பிரெஞ்சு ஒட்டு இருக்கும். அது இருந்தால் வேலையைச் சொல்கிறார்கள் என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். பிறகு ஒட்டு உதிர்ந்து, அப்பாவின் வேலைப்பெயர் வேறு வேலை பார்க்கிற மகனுக்கும் போகும்போதுதான் அது குடும்பப் பெயராகிறது. இங்கிலாந்தின் தெற்கிலும் கிழக்கிலும் பதினான்காம் நூற்றாண்டு முடிவதற்குள் பெரும்பாலும் இது நடந்துவிட்டது.

வேலையும் இதற்குள் மாறிப்போயிருந்தது. வரி வசூல் பின்னுக்குப் போய், மாவட்டத்தில் அரசரின் அதிகாரியான ஷெரிஃபின் கீழே வேலை பார்த்து, கடன் கட்டாதவர்களைக் கைது செய்கிறவர் என்ற பொருள் முன்னுக்கு வந்தது. கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாதவரைச் சிறையில் தள்ளலாம் என்று அன்றைய சட்டம் சொன்னது. தள்ளுவதற்கு முதலில் ஆள் கையில் அகப்பட வேண்டுமே. அதில்தான் கேட்ச்போலின் திறமை இருந்தது.

இந்த வேலைக்குச் சட்டம் வகுத்த விதிகள் ஆச்சரியமாக இருக்கும். கடன் வழக்கில் கைது செய்ய வருபவர் வீட்டின் வெளிக் கதவை உடைக்கக் கூடாது. ஒருவருடைய வீடு அவருக்குக் கோட்டை என்ற புகழ்பெற்ற வாசகம் இப்படிப்பட்ட விவகாரத்தில்தான் சட்டப் புத்தகத்தில் அழுத்தமாக ஏறியது, செமெய்ன் என்பவரின் வழக்கில், 1604-இல். கதவு திறந்திருந்தால் நுழையலாம், சாத்தியிருந்தால் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே கடன்பட்டவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடப்பார். கேட்ச்போல் வேறு யாரோ போல நடித்துக் கதவைத் திறக்க வைக்கப் பார்ப்பார். 1677-இல் வந்த ஒரு சட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படிப்பட்ட கைது செல்லாது என்று சொல்லிவிட்டது. வாரம் முழுக்க ஒளிந்து கிடந்தவர்கள் அன்று ஒரு நாள் மட்டும் பயமில்லாமல் தெருவில் நடந்தார்கள்.

இன்னொரு விதி, தொட வேண்டும். வாயால் சொன்னால் கைது ஆகாது. 1704-இல் நடந்த ஒரு வழக்கு இதைத் தெளிவாக்கியது. ஸ்பார்க்ஸ் என்பவரைப் பிடிக்க ஒரு ஊழியர் வாரண்டோடு அவர் வீட்டு முற்றத்துக்கு வருகிறார். கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, உன்னைக் கைது செய்கிறேன் என்று சொல்கிறார். ஸ்பார்க்ஸின் கையில் வைக்கோல் அள்ளுகிற கவைக்கோல் மாதிரி ஒரு ஃபோர்க் இருக்கிறது. அதை நீட்டி, வந்தவரை நெருங்கவிடாமல் பின்னோக்கியே நடந்து வீட்டுக்குள் போய்விடுகிறார். இது கைதா இல்லையா என்று நீதிமன்றத்தில் கேள்வி. இல்லை என்றது தீர்ப்பு. ஆனால் விரல் நுனியாவது அவர் மேல் பட்டிருந்தால் கைது ஆகியிருக்கும், அதற்குப் பிறகு வீட்டுக்குள் ஓடியிருந்தாலும் பின்தொடர்ந்து போய்க் கதவை உடைத்திருக்கலாம் என்றும் சொன்னது. ஒரு விரல்கடை தூரம் ஒரு மனிதருக்கு வீட்டுக்கும் சிறைக்கும் நடுவே இருந்திருக்கிறது. முற்றத்தில் கோழியைத் துரத்திய அதே ஓட்டம்தான், இப்போது துரத்தப்படுவது மனிதர்.

இப்படிப்பட்ட வேலை செய்தவர்களைச் சனங்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு பதினான்காம் நூற்றாண்டு இலக்கியத்திலேயே சாட்சி இருக்கிறது. 'பியர்ஸ் பிளவ்மன்' என்ற நெடுங்கவிதையில் இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட இரண்டு கள்வர்களின் கால்களையும் கைகளையும் முறிக்க ஒரு ஆள் முன்னால் வருகிறான். அவனைக் கவிஞர் கேட்ச்போல் என்கிறார். அதே காலத்தில் விக்லிஃபின் பெயரால் வழங்கும் ஆங்கில பைபிளிலும் இந்தச் சொல் உண்டு. பவுலையும் சீலாவையும் விட்டுவிடச் சொல்லி அதிகாரிகள் காலையில் ஆள் அனுப்புகிற இடம் அது. அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தில் தமிழில் 'சேவகர்கள்' என்று நாம் படிப்பவர்கள்தான் அங்கே கேட்ச்போல்கள். ரோமாபுரியின் ஊழியர்களைப் படிப்பவர் மனதில் நிறுத்த, தெருவில் தினமும் பார்த்த ஆளின் பெயரையே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இவ்வளவு கெட்ட பேர் வாங்கிய சொல். அதனால்தான் அந்தக் குடும்பப் பெயர் அரிதாகிவிட்டது, வெட்கப்பட்டு மாற்றிக்கொண்டார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கும் அது முதலில் சரியாகத்தான் பட்டது. பெயர்கள் எங்கெங்கே எவ்வளவு இருக்கின்றன என்று பார்க்க ஆரம்பித்ததும் அந்த விளக்கம் நிற்கவில்லை.

இங்கிலாந்தில் குடும்பப் பெயர்களின் எண்ணிக்கையைப் பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து ஆரம்பிப்பார்கள். அந்தக் கணக்கெடுப்பின் கையெழுத்து ஏடுகள் முழுவதையும், ஏறக்குறைய 2.6 கோடிப் பேரை, குடும்ப வரலாற்றுச் சங்கங்களின் தன்னார்வலர்கள் மார்மன் திருச்சபையோடு சேர்ந்து வரி வரியாகப் பெயர்த்தெழுதினார்கள். ஊதியம் வாங்காமல் ஓய்வு நேரத்தில் செய்த வேலை. இதை நினைக்கும்போதெல்லாம் அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வரும். இன்றைக்கு ஒரு பெயரைத் தட்டினால் மாவட்ட வாரியாக வரைபடம் வந்து நிற்கிறது என்றால் அதற்கு அவர்கள்தான் காரணம்.

அந்தக் கணக்கெடுப்பில் ஸ்மித்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். கேட்ச்போல்களோ சில ஆயிரத்துக்குள் அடங்கிவிடுவார்கள். நாடு முழுக்கப் பார்த்தால் அரிதான பெயர், சந்தேகமில்லை. ஆனால் வரைபடத்தில் அவர்கள் சீராகத் தூவிக் கிடக்கவில்லை. கிழக்குக் கரையோரம் சஃபோக் மாவட்டத்தில் கூட்டமாக இருக்கிறார்கள், அதை ஒட்டிய நார்ஃபோக்கிலும் எசெக்ஸிலும் கொஞ்சம், பிழைப்பு தேடி எல்லோரும் போன லண்டனில் கொஞ்சம். மேற்கிலும் வடக்கிலும் பெரும்பாலும் வெறுமை. சஃபோக்கில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இது அரிய பெயர் என்று சொன்னால் நம்பவே மாட்டார். பள்ளியில் கூடப் படித்தவர், கடைக்காரர், கல்லறைத் தோட்டத்துக் கல் என்று எங்காவது பார்த்திருப்பார்.

வெட்கம்தான் காரணம் என்றால் சஃபோக்கில் இந்தப் பெயர் இப்படித் தழைத்திருக்க முடியாது. அங்கேயும் கடன் இருந்தது, சிறை இருந்தது, அந்த ஊழியர்கள் மேல் வெறுப்பும் இருந்தது. 'கேட்ச்போல்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரிந்த நூற்றாண்டுகளிலேயே அந்தக் குடும்பங்கள் அதைத் திருச்சபைப் பதிவேட்டில் தலைமுறை தலைமுறையாக எழுதி வந்திருக்கின்றன. பெயர் ஒரு தடவை ஒட்டிக்கொண்டால் அது அந்த வீட்டுக்காரர்களின் பெயர், அவ்வளவுதான். பொருளைப் பற்றி யார் தினமும் யோசிக்கப் போகிறார்கள்?

உண்மையான காரணங்கள் இதைவிட எளிமையானவை என்று நினைக்கிறேன். முதலாவது, ஆரம்ப எண்ணிக்கை. கொல்லர் இல்லாத கிராமம் கிடையாது, அதனால் ஸ்மித் என்ற பெயர் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் தனித்தனியாக முளைத்தது. கேட்ச்போல் வேலைக்கு அத்தனை பேர் தேவையில்லை. அதே துறையில் பெய்லிஃப் என்ற சொல்லிலிருந்து வந்த பெய்லி இன்று எங்கும் இருக்கிற பெயர். ஆனால் பெய்லிஃப் என்றால் பண்ணையின் காரியஸ்தரும்தான், நகரத்து அதிகாரியும்தான். நிறைய இடங்களில் நிறையப் பேர் அந்தப் பதவியில் இருந்தார்கள். கேட்ச்போல் அவர்களுக்கெல்லாம் கீழே ஓடியாடி வேலை செய்தவர்.

இரண்டாவது, காலம். இந்தப் பெயர்கள் தனி ஆளிலிருந்து குடும்பத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான், 1348-இல், கொள்ளைநோய் இங்கிலாந்துக்குள் வந்தது. இரண்டே வருடத்தில் மக்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிப் பேர் வரை போய்விட்டார்கள். ஆயிரம் வீட்டில் இருந்த பெயருக்கு இது காயம். இரண்டு மூன்று வீட்டில் மட்டும் இருந்த பெயருக்கு இதுவே முடிவு.

மூன்றாவது, வெறும் தற்செயல். பிரிட்டிஷ் அறிவியலாளர் பிரான்சிஸ் கால்ட்டன் 1873-இல் இதை ஒரு கணக்காகவே கேட்டார். ஒவ்வொரு ஆணுக்கும் இத்தனை மகன்கள் பிறக்க இவ்வளவு வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், சில தலைமுறை கழித்து எத்தனை குடும்பப் பெயர்கள் அற்றுப்போயிருக்கும்? ஹென்றி வில்லியம் வாட்சன் என்ற பாதிரியார் கணக்கைப் போட்டார், இருவரும் சேர்ந்து 1874-இல் வெளியிட்டார்கள். பெரிய மனிதர்களின் வம்சங்கள் அற்றுப்போவதைப் பார்த்து, அவர்களிடம் ஏதோ குறை இருக்கிறது என்று அன்றைக்குப் பலர் பேசிக்கொண்டிருந்தார்கள். குறை ஒன்றுமே இல்லாவிட்டாலும் பெயர்கள் தாமாகவே அற்றுப்போகும் என்பதுதான் அந்தக் கணக்கின் அடிப்படை. ஒரு வீட்டில் பெண் பிள்ளைகள் மட்டும், இன்னொரு வீட்டில் மகன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அப்புறம் ஒரு வீட்டில் பிள்ளையே இல்லை. நான்கு தலைமுறையில் ஒரு கிளை முடிந்தது. மற்ற இடங்களில் இருந்த கேட்ச்போல்கள் இப்படித்தான் ஒவ்வொருவராக மறைந்திருக்க வேண்டும். சஃபோக்கில் ஏதோ ஒன்றிரண்டு குடும்பங்களுக்கு மகன்கள் நிறையப் பிறந்து, அவர்களும் பக்கத்துக் கிராமங்களிலேயே வேரூன்றிவிட்டார்கள்.

எண்ணிக்கையில் ஒரு சிக்கலும் உண்டு. கேட்ச்போல், கேட்ச்பூல், கேட்ச்போல்லே என்று எழுத்து மாறி மாறி வரும். எழுதப் படிக்கத் தெரியாதவர் சொல்ல, பாதிரியாரோ குமாஸ்தாவோ தன் காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு மாதிரியும் தம்பி ஒரு மாதிரியும் பதிவேட்டில் இருப்பது சாதாரணம். ஒரே எழுத்துக்கூட்டலை மட்டும் தேடுபவருக்குப் பெயர் உண்மையில் இருப்பதைவிட அரிதாகத்தான் தெரியும்.

இனி மார்கரெட்.

1762-இல் சஃபோக்கில் நேக்டன் என்ற ஊரில் பிறந்தவர். தாயின் பெயர் எலிசபெத் கேட்ச்போல். தகப்பனார் ஜோனதன் லீடர் என்ற உழவர் என்று சொல்லப்படுகிறது. ஆக, இந்தப் பெயர் அவருக்குத் தாய் வழியாக வந்தது. குடும்பப் பெயர் என்றால் தந்தை வழி என்று வரைபடம் போடுகிற நாம் இதையும் மறந்துவிடக் கூடாது. திருமண உறவுக்கு வெளியே பிறந்த பிள்ளைகள் வழியாகவும் பெயர்கள் பிழைத்திருக்கின்றன. அந்தத் தாய்மார்களுக்கு ஆவணங்களில் ஒரு வரிக்கு மேல் இடமில்லை.

1793-இல் மார்கரெட் இப்ஸ்விச் நகரில் மதுபானத் தயாரிப்பில் செழித்திருந்த ஜான் காபோல்டின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். வீட்டு அம்மா எலிசபெத் காபோல்ட் கவிதை எழுதுபவர், இவரைப் பரிவோடு நடத்தினார். அங்கேதான் மார்கரெட் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். பிறகு அந்த வேலையை விட்டுப் போனார். 1797 மே மாதம் ஒரு இரவு காபோல்டின் லாயத்திலிருந்து வண்டிக் குதிரை ஒன்றை எடுத்துக்கொண்டு லண்டனுக்குக் கிளம்பினார். 70 மைல், அதாவது சுமார் 112 கிலோமீட்டர். பத்து மணி நேரம் போல ஆகியிருக்கிறது. குதிரை ஏற்றத்தில் ஆண்களையே மிஞ்சிய பெண் என்று பேர் வாங்கியவர், அதனால் தூரம் அவருக்குப் பெரிதில்லை. ஆனால் லண்டனில் குதிரையை விற்கப் பார்க்கும்போது பிடிபட்டுவிட்டார்.

குதிரைத் திருட்டுக்கு அன்றைக்கு மரண தண்டனை. தீர்ப்பும் அப்படியே வந்தது. பிறகு ஏழு ஆண்டு நாடு கடத்தலாகக் குறைத்தார்கள். கப்பலுக்காக இப்ஸ்விச் சிறையில் காத்திருந்தபோது, 1800 மார்ச்சில், துணி உலர்த்துகிற கயிற்றை வைத்து 22 அடி உயர மதிலைத் தாண்டித் தப்பினார். சீக்கிரமே பிடித்துவிட்டார்கள். இரண்டாவது முறையும் மரண தண்டனை, இரண்டாவது முறையும் குறைப்பு. இப்போது ஆயுள் முழுக்க நாடு கடத்தல். 'நைல்' என்ற கப்பலில் 1801 டிசம்பரில் சிட்னி போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகான வாழ்க்கைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அங்கே சமையல்காரராக வேலை பார்த்தார், பண்ணைகளைக் கவனித்துக்கொண்டார், மருத்துவச்சியாக ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்த்தார். சொந்தமாக ஒரு சின்னக் கடையும் வைத்தார். சஃபோக்கில் இருந்த உறவினர்களுக்கும் எலிசபெத் காபோல்டுக்கும் கடிதம் எழுதினார். இலக்கணம் பார்க்காமல், வாயில் வருகிறபடியே எழுதிய கடிதங்கள். 1806-இல் ஹாக்ஸ்பரி ஆற்றில் வந்த பெருவெள்ளத்தை நேரில் பார்த்தவராக அதில் எழுதியிருக்கிறார். காடு, பயிர், மக்கள், விலைவாசி எல்லாம் வருகின்றன. குடியேற்றத்தின் ஆரம்ப ஆண்டுகளைப் பற்றி ஒரு பெண் கைதி தன் கையாலேயே எழுதிய சாட்சிகள் மிகவும் குறைவு. அவருடைய கடிதங்கள் நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்தில் இருக்கின்றன, ஆஸ்திரேலிய வரலாறு எழுதுபவர்கள் அவற்றைத் தாண்டிப் போக முடியாது. 1814-இல் மன்னிப்பு கிடைத்தது. இருந்தும் அவர் ஊர் திரும்பவில்லை. 1819 மே மாதம், நோயில் கிடந்த ஒரு ஆட்டுக்காரரைப் பார்த்துக்கொள்ளப் போய் அந்தக் காய்ச்சல் தொற்றி இறந்துபோனார். ரிச்மண்டில் அடக்கம்.

காபோல்ட் குடும்பத்து மகன் ரிச்சர்ட், பின்னாளில் பாதிரியாரானவர், 1845-இல் மார்கரெட்டின் கதையை நாவலாக எழுதினார். அது பரபரப்பாக விற்றது. அதில் அவர் மார்கரெட்டுக்கு ஒரு வசதியான கல்யாணத்தைச் செய்துவைத்து, 1841 வரை உயிரோடும் வைத்துவிட்டார். உண்மையில் மார்கரெட் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஒரு பெண் தன் வாழ்க்கையைத் தானே எழுதி வைத்திருக்கும்போது அதன்மேல் இன்னொருவர் தனக்குப் பிடித்த முடிவை ஒட்டுவது எனக்கு உறுத்துகிறது. இருந்தாலும் அந்த நாவலால்தான் கேட்ச்போல் என்ற பெயர் சஃபோக்குக்கு வெளியே போனது என்பதையும் சொல்லியாக வேண்டும். இப்ஸ்விச்சில் கிளிஃப் லேன் என்ற தெருவில் 1936-இல் கட்டிய ஒரு மதுக்கூடத்துக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். கட்டியது காபோல்ட் மதுத் தயாரிப்பு நிறுவனம், குதிரையைப் பறிகொடுத்த அதே குடும்பத்துடையது. இன்று அது அரசின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் ஒன்று.

கேட்ச்போல் என்ற சொல் வேலையின் பெயராக இருந்த காலம் இதற்குள் முடிந்துகொண்டிருந்தது. சாதாரணக் கடனுக்குச் சிறை என்ற வழக்கத்தை 1869-இல் வந்த சட்டம் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. அதற்கு முன்பே அந்த ஊழியர்களை வேறு பெயர்களில் அழைக்க ஆரம்பித்துவிட்டார்கள். சொல் அகராதிக்குள் போய்விட்டது, குடும்பப் பெயர் மட்டும் வெளியே நின்றது. இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பெயரோடு வந்தவர்களுக்குப் பழைய பொருளின் பாரம் எதுவும் இல்லை. ஆஸ்திரேலிய ரக்பி அணியின் தலைவராக இருந்த கென் கேட்ச்போலுக்கு சிட்னியில் சிலை இருக்கிறது. கிளைவ் கேட்ச்போல் என்ற விலங்கியலாளர் பறவைகளின் பாட்டை ஆராய்ந்தவர். நாணல் புதரில் வாழ்கிற சின்னக் கதிர்க்குருவி இனம் ஒன்றில், அதிக விதமாகப் பாடத் தெரிந்த ஆண் பறவைக்குச் சீக்கிரம் துணை கிடைக்கிறது என்று காட்டியவர். பறவைப் பாட்டைப் பற்றிப் பீட்டர் ஸ்லேட்டரோடு சேர்ந்து அவர் எழுதிய பாடநூல் 1995-இல் வந்தது.

இவர்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானவர் கேட்ச்பூல் என்று எழுத்து மாறிய கிளையைச் சேர்ந்த கார்டர் கேட்ச்பூல். 1883-இல் லெஸ்டரில், போரையே ஏற்காத கிறிஸ்தவப் பிரிவான குவேக்கர்களின் குடும்பமொன்றில் பிறந்தவர். முதல் உலகப் போர் தொடங்கியதும் காயம்பட்டவர்களைக் கவனிக்கிற குவேக்கர் ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்து போர்முனைக்குப் போனார். 1916-இல் கட்டாய ராணுவச் சேவை சட்டமானது. ஆம்புலன்ஸ் வேலையிலேயே தொடர்ந்திருந்தால் அவரை யாரும் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த வேலையே கட்டாயச் சேவைக்கு ஒரு மாற்று வழியாகிவிட்டது என்று பட்டதும் அவர் அதை விட்டு வந்து, எந்த விலக்கும் வேண்டாம் என்று மறுத்து நின்றார். ராணுவ நீதிமன்றம் தண்டித்தது. இரண்டு ஆண்டுக்கும் மேல் சிறையில் இருந்தார். பிறகு 1930-களில் குவேக்கர்களின் பிரதிநிதியாக பெர்லினில் இருந்தபோது, நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933-லேயே அவர்களுடைய ரகசியப் போலீஸ் அவரைப் பிடித்துப் போய் விசாரித்தது. விட்டதும் அவர் ஊருக்குக் கிளம்பிவிடவில்லை, பெர்லினிலேயே இருந்து சிறையில் கிடந்தவர்களுக்காகப் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி ஜாக் கேட்ச்பூல், குறைந்த செலவில் இளைஞர்கள் தங்கி நடைப்பயணம் போவதற்கான யூத் ஹாஸ்டல் சங்கத்துக்கு இங்கிலாந்தில் முதல் செயலாளராக இருந்தவர். இன்று அந்த விடுதிகளில் ராத்தங்குகிற மாணவர்களுக்கு அவர் பெயரைத் தெரிந்திருக்காது. சஃபோக்குக்கு எப்போதாவது போகிற வாய்ப்பு கிடைத்தால், நேக்டன் திருச்சபையின் பழைய பதிவேடுகளில் எலிசபெத் கேட்ச்போலுக்கு முன்னால் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்க்க ஆசை.